கொலு வீட்டில் கேட்காமல் விட்ட கேள்வி



கொலுப் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கி, கராஜ் பரணில் ஏற்றியாயிற்று. தீபாவளி மிக்சர் டப்பாவின் அடியில் தூள்தான் மிச்சம். இந்த மாதம் லேசாக எதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கொலு முடிந்து பத்து நாள் கழித்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு விடமாட்டேன் என்கிறது.

எங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஆண்டுதோறும் வரும் குடும்பம் அது. மகனுக்குப் பதினேழு வயது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவன். உள்ளே வந்ததும் நேரே கொலுப்படிக்குத்தான் போவான். செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசி, பருப்புக் கிண்ணங்களை வரிசையாக வைப்பது ஐந்தாறு வருடமாக அவன் பொறுப்பு. இந்த முறை சுண்டல் கொடுக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டான். யாருக்குக் கொடுத்தாயிற்று, யாருக்கு இன்னும் இல்லை என்பதில் ஒரு பிசகு கிடையாது.

அன்று கூடத்தில் அவன் வயதில் நான்கைந்து பிள்ளைகள் இருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூடிய இடத்தில் வேறென்ன பேச்சு இருக்கும்? "எந்த காலேஜுக்குப் போடறே? என்ன மேஜர்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆமாம், கேட்டது நான்தான். அவனிடம் வந்தபோது, "இன்னும் சுண்டல் இருக்காப்பா?" என்றேன்.

பத்து நாள் கழித்து அவன் அம்மா கூப்பிட்டார். "அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அன்னிக்கு எல்லாப் பிள்ளைங்களையும் காலேஜ் பத்திக் கேட்டீங்க. இவன்கிட்ட மட்டும் சுண்டல் கேட்டீங்க. வீட்டுக்குத் திரும்பும்போது கார்ல கேக்கறான், 'அம்மா, நான் எந்த காலேஜ்?'னு."

எனக்கு வாயடைத்துப்போயிற்று. அவரே தொடர்ந்தார். "அவனுக்கும் காலேஜ் இருக்குக்கா. விசாரிச்சுட்டேன். பணத்துக்கு எங்கே போறதுன்னுதான் புரியலே."

அந்த வரிதான் இந்தப் பக்கத்துக்குக் காரணம். அதற்குப் பிறகு இந்த வழியில் முன்னால் போன சில பெற்றோரிடம் பேசினேன், விதிகளைப் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இல்லாவிட்டாலும் படியுங்கள். உங்கள் தெருவில் இருக்கலாம்.

முதலில், காலேஜ் இருக்கிறதா? இருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கென்று கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் நடக்கும் திட்டங்கள் அமெரிக்காவில் முந்நூறுக்கும் மேல். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பாஸ்டன் வளாகத்திலிருந்து இயங்கும் 'திங்க் காலேஜ்' என்ற மையம் இவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறது. நம்மவர்கள் அதிகம் வாழும் ஊர்களுக்கு எட்டும் தூரத்திலேயே பல உண்டு. வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2002 முதல் நடக்கிறது. 'காலேஜ் ஆஃப் நியூஜெர்சி'யில் இருக்கிறது. சிகாகோ பக்கம் எல்ம்ஹர்ஸ்டில் இருக்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் இருக்கிறது. கலிபோர்னியாவில் யூ.சி. டேவிஸ் 2021-இல் நான்காண்டுத் திட்டத்தையே தொடங்கியது.

அங்கே என்ன நடக்கும்? மற்ற மாணவர்களோடு சேர்ந்து சில வகுப்புகளில் உட்காருவார்கள். பெரும்பாலும் மதிப்பெண் கட்டாயம் இல்லாமல், 'ஆடிட்' முறையில். சக மாணவர் ஒருவர் துணையாக இருப்பார். தனியாக பஸ் பிடிப்பது, வங்கி அட்டையைக் கையாள்வது, துணி துவைப்பது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது எல்லாம் பாடம்தான். அலுவலகம், கடை, நூலகம் எங்காவது வேலைப் பயிற்சியும் உண்டு. முடிவில் கிடைப்பது பெரும்பாலும் சான்றிதழ். இளங்கலைப் பட்டம் கிடைக்கும் என்று எண்ணிச் சேர்க்க வேண்டாம். பிறகு ஏமாற்றமாக இருக்கும்.

"பட்டம் இல்லேன்னா எதுக்கு இவ்வளவு செலவு?" என்று ஊரிலிருந்து தாத்தா கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை இன்னொரு கேள்வியில் இருக்கிறது. இந்தப் பெற்றோர் எல்லோரும் ராத்திரி தூக்கம் வராமல் கேட்டுக்கொள்வது ஒன்றைத்தான்: "எங்க காலத்துக்கு அப்புறம் இவன்?" டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 25. இன்று 60ஐத் தொட்டுவிட்டது. பிள்ளை பெற்றோரைத் தாண்டி வாழப்போகிறான். தானே சமைத்து, வேலைக்குப் போய், நாலு நண்பர்களோடு வாழத் தெரிந்தவனாக வாழ்ந்தால் நல்லது அல்லவா? அண்ணன் தங்கைகள் பதினெட்டு வயதில் விடுதிக்குப் போய்க் கற்றுக்கொள்வதும் பாதிக்குப் பாதி இதைத்தானே!

இனிப் பணம்.

2008 வரை மத்திய அரசின் கல்வி உதவி இந்த மாணவர்களுக்குக் கிட்டாமல் இருந்தது. உயர்நிலைப் பள்ளி டிப்ளமோ வேண்டும், பட்டத்தையோ அதற்கு இணையான தகுதியையோ நோக்கிப் படிக்க வேண்டும் என்பது விதி. இரண்டுமே இவர்களில் பலருக்கு இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டம் இந்தக் கதவைத் திறந்தது. கல்வித் துறையின் ஒப்புதல் பெற்ற திட்டம் ஒன்றில் சேர்ந்தால், டிப்ளமோ இல்லாவிட்டாலும், பட்டத்துக்குப் படிக்காவிட்டாலும், திருப்பிக் கொடுக்க வேண்டாத பெல் கிராண்ட், அதற்கு மேல் ஒரு துணை கிராண்ட், வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்கும் 'வொர்க் ஸ்டடி' ஆகிய மூன்றுக்கும் விண்ணப்பிக்கலாம். இப்படி ஒப்புதல் பெற்றவற்றைச் சுருக்கமாக 'சி.டி.பி.' என்பார்கள். அரசுக் கல்விக் கடன் மட்டும் கிடையாது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு. இந்த மாணவர்கள் திட்டத்தில் செலவிடும் நேரத்தில் பாதியாவது குறைபாடு இல்லாத மாணவர்களோடு இருக்க வேண்டும். கட்டடத்தின் கடைசியில் ஓர் அறையை ஒதுக்கி, வெளியே பல்கலைக்கழகப் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டுக் காசு வாங்க முடியாது.

சி.டி.பி. என்ற மூன்றெழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்நூற்றுச் சொச்சம் திட்டங்களில் எல்லாவற்றுக்கும் இந்த ஒப்புதல் இல்லை. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியது, "உங்கள் திட்டம் சி.டி.பி.யா?" என்பதுதான்.

எவ்வளவு கிடைக்கும்? 2025-26 கல்வியாண்டுக்கு பெல் கிராண்டின் உச்சத் தொகை 7,395 டாலர். துணை கிராண்ட் ஆண்டுக்கு 100 முதல் 4,000 டாலர் வரை, கல்லூரியின் கையிருப்பைப் பொறுத்தது. செலவு? வீட்டிலிருந்தே போய்வரும் சமுதாயக் கல்லூரி என்றால் சில ஆயிரத்தில் முடியும். விடுதியோடு கூடிய பல்கலைக்கழகம், அதன்மேல் திட்டக் கட்டணம் என்றால் ஆண்டுக்கு 50,000ஐத் தாண்டுவதும் உண்டு. பெல் கிராண்ட் அங்கே யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவரும் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் வீட்டுக்கு பெல் கிராண்ட் வராது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் வாசகர்கள் எல்லோரும் அப்படியா? மளிகைக் கடை வைத்திருப்பவர்கள், உணவகத்தில் நிற்பவர்கள், ஒற்றைச் சம்பளத்தில் ஓட்டுபவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் இந்த இதழைப் படிக்கிறீர்கள். யாராக இருந்தாலும் மத்திய கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பத்தைப் போடுங்கள். பல மாநில உதவிகளும் கல்லூரியின் சொந்த உதவிகளும் அதை வைத்துத்தான் முடிவாகின்றன. வழக்கமாக அக்டோபருக்குள் விண்ணப்பம் திறந்துவிடும். உதவித்தொகை அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் 2008ஆம் ஆண்டு விதி தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். "டிப்ளமோ இல்லையா? அப்படியானால் கிடையாது" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். "சி.டி.பி. மாணவர்" என்று சொல்லி, திட்டப் பொறுப்பாளரையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வருமானம் இருப்பதால் பெல் கிராண்ட் வராத வீடுகளுக்கு என்ன வழி? பேசிய பெற்றோர் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "பணம் காலேஜ்ல தொடங்கலே, ஹைஸ்கூல்லயே தொடங்குது." அதனால் வயதுப்படி சொல்கிறேன்.

பதினான்கு வயதில் பள்ளியோடு உட்கார்ந்து பேசுங்கள். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் போடும் ஐ.இ.பி. என்னும் தனிக் கல்வித் திட்டத்தில், பதினாறு வயதுக்குள் 'பள்ளிக்குப் பிறகு என்ன' என்ற பகுதி இடம்பெற வேண்டும் என்பது மத்தியச் சட்டம். நியூஜெர்சி, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பதினான்கிலேயே. அந்தப் பகுதியில் 'கல்லூரி' என்ற சொல் எழுத்தில் இருக்கட்டும். எழுத்தில் இல்லாததை எந்தப் பள்ளி மாவட்டமும் செய்து கொடுக்காது.

இதில் ஒரு பெரிய சூட்சுமம். இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வி உரிமை பதினெட்டோடு முடிவதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் 21 அல்லது 22 வயதுவரை. மிச்சிகனில் 26 வரை. அந்த ஆண்டுகளில் பள்ளி மாவட்டமே செலவை ஏற்று, பிள்ளையைக் கல்லூரி வளாகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. மாசசூசெட்ஸ் இதை 2007-இல் சிறு அளவில் தொடங்கியது. 2022-இல் சட்டமாகவே ஆக்கியது. ஆனால் வழக்கமான டிப்ளமோவைக் கையில் வாங்கிய நிமிடத்தில் இந்த உரிமை முடிந்துவிடும். கவுன் போட்டு, தொப்பி வைத்து, குடும்பத்தோடு படம் எடுக்கும் ஆசை நமக்கு இருக்கத்தான் செய்யும். பல மாநிலங்களில் டிப்ளமோ வாங்காமலே வகுப்புத் தோழர்களோடு மேடை ஏற விடுகிறார்கள். படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், டிப்ளமோவை யோசித்து வாங்குங்கள்.

அடுத்து, மாநில 'வொகேஷனல் ரீஹேபிலிடேஷன்' அலுவலகம். குறைபாடு உள்ளவர்களை வேலைக்குத் தயார் செய்வது இதன் கடமை. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்த அலுவலகங்கள் தங்களுக்கு வரும் மத்திய நிதியில் குறைந்தது 15 சதவீதத்தைப் பள்ளி மாணவர்களை வேலைக்குத் தயார் செய்யவே ஒதுக்க வேண்டும். சில மாநிலங்களில் கல்லூரிக் கட்டணத்தின் ஒரு பகுதியையே கொடுக்கிறார்கள். சில மாநிலங்களில் வேலைப் பயிற்றுநர், போக்குவரத்து என்ற அளவில் நிற்கிறார்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்து மேல்முறையீடு செய்வது கடினம்.

மூன்றாவது, மெடிக்கெய்டு என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் 'வெய்வர்'. இது கல்லூரிக் கட்டணம் கட்டாது. ஆனால் கூட இருந்து உதவும் ஆள், பயிற்சி, போக்குவரத்து போன்ற செலவுகளை ஏற்கும். விடுதியில் தங்கும் பிள்ளைக்கு அந்தத் துணையும் பெரிய செலவுதான். பல மாநிலங்களில் இதற்குப் பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் வருமானம் மட்டும்தான் கணக்கு. தடை என்னவென்றால் காத்திருப்புப் பட்டியல். டெக்சாஸில் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. குழந்தைக்கு மூன்று வயதில் பெயர் கொடுத்தால் கல்லூரிக்குப் போகும்போது முறை வரலாம். பதினேழில் கொடுத்தால் முப்பதில்தான். பட்டியல் அந்தந்த மாநிலத்துக்கு மட்டும் உரியது. வேலை மாறி டாலஸிலிருந்து சார்லட்டுக்குக் குடிபோனால் முதலிலிருந்து நிற்க வேண்டும். புதிய வேலையின் சம்பளத்தை எடை போடும்போது இந்த வரிசையையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

பதினெட்டாவது பிறந்தநாள். அதன் பிறகு எஸ்.எஸ்.ஐ. என்னும் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் சம்பளம் கணக்கில் வராது. பெற்றோர் வசதியாக இருந்தாலும் பிள்ளை தன் பெயரில் பெறலாம். 2025-இல் இதன் மத்திய உச்ச வரம்பு மாதம் 967 டாலர். இதைவிட முக்கியமானது, பெரும்பாலான மாநிலங்களில் இதனோடு மெடிக்கெய்டும் சேர்ந்து வரும் என்பது. ஆனால் பிள்ளையின் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக் கூடாது. 1989 முதல் இந்த வரம்பு ஒரு டாலர்கூட உயரவில்லை.

இங்கேதான் நம் குடும்பங்கள் தெரியாமல் மாட்டிக்கொள்கின்றன. பேரன் பாவம் என்று தஞ்சாவூரில் இருக்கும் தாத்தா அவன் பேரில் வங்கியில் டெபாசிட் போட்டிருப்பார். பாட்டி ஒரு மனையை எழுதி வைத்திருப்பார். எல்லாம் அன்பில் செய்தது. வெளிநாட்டில் இருக்கும் சொத்தும் கணக்கில் சேரும். தாத்தாவிடம் இன்றே பக்குவமாகப் பேசுங்கள். கொடுக்க நினைப்பதை, இத்தகைய பிள்ளைகளுக்கென்றே அமைக்கும் அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம். அதற்கு இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். அந்தக் கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இன்னொரு எளிய வழி ஏபிள் என்னும் சேமிப்புக் கணக்கு. இதன் பின்னால் ஓர் அப்பாவின் கதை இருக்கிறது. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஸ்டீஃபன் பெக்கின் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். மற்ற பிள்ளைகளின் படிப்புக்குச் சேமிக்க வரிச்சலுகையோடு கணக்கு இருக்கிறது, என் மகளுக்குச் சேமித்தால் அரசு உதவி பறிபோகிறதே என்று மற்ற பெற்றோரோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசத் தொடங்கியவர் அவர். பல ஆண்டு அலைந்து சட்டமாக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். 2014 டிசம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திடுவதற்குச் சில நாட்கள் முன்னால் இறந்துபோனார். சட்டத்துக்கு அவர் பெயர்தான். இந்தக் கணக்கில் போடக்கூடிய ஆண்டு வரம்பு 2025-இல் 19,000 டாலராக இருந்தது. முதல் 1,00,000 டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. கணக்கில் வராது. கல்விக் கட்டணம், வாடகை, பயணம் எதற்கும் எடுக்கலாம். குழந்தை பிறந்ததும் ஆசையாகத் தொடங்கிய 529 என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கை, டாக்டர் சொன்ன மறுநாள் மூடிவிட்டதாக ஓர் அப்பா சொன்னார். மூட வேண்டியதில்லை. மத்திய உதவித் திட்டங்களில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் அதைச் செலவழிக்கலாம். ஆண்டு வரம்புக்குள் ஏபிள் கணக்குக்கும் மாற்றலாம்.

ஏபிள் கணக்கில் யார் வேண்டுமானாலும் பணம் போடலாம். நமக்குத்தான் மொய் எழுதும் பழக்கம் இருக்கிறதே! பிறந்தநாளுக்கு இன்னொரு லெகோ பெட்டி எதற்கு? கணக்கு எண்ணைக் கேட்டு 51 டாலர் மொய் எழுதிவிட்டு வாருங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் வேறு சில உதவிகளும் உண்டு. டென்னசியில் லாட்டரி நிதியிலிருந்து 'ஸ்டெப் அப்' என்ற உதவித்தொகை இந்த மாணவர்களுக்கென்றே இருக்கிறது. புளோரிடா 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநில ஒப்புதல் பெற்ற திட்டங்களில் படிப்பவருக்கு ஆண்டுக்கு 7,000 டாலர் உதவித்தொகை ஏற்படுத்தியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மேற்படிப்புக்கு ஆஸ்டினில் இயங்கும் 'ரூபிஸ் ரெயின்போ' உதவுகிறது. இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் எழுதும்போது பிள்ளையின் குரல் அதில் இருக்கட்டும். நாம் இங்கிலீஷில் அழகுபடுத்தி எழுதுவதை விட, "எனக்குச் சமைக்கப் பிடிக்கும், கேன்டீன்ல வேலை பாக்கணும்" என்று அவன் சொல்வது நன்றாக இருக்கும்.

சொல்லவே மனம் வராத ஒன்று விசா. மத்திய உதவிக்குப் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எஸ்.எஸ்.ஐ.க்கு கிரீன் கார்டு இருந்தாலும் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. 21 வயதில் பெற்றோரைச் சார்ந்த அந்த விசாவும் முடிந்துபோகும். கிரீன் கார்டு வரிசையில் பத்தாண்டு, பதினைந்தாண்டு நிற்கும் வீடுகளில் இந்த வயதுக் கணக்கு ஒரு முள். உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும் முன்பே இதைப் பேசுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குடிவரவு நிலையைக் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே 21, 22 வரை பள்ளி மாவட்டம் தர வேண்டியதை எச்-4 பிள்ளைக்கும் கேட்டுப் பெறலாம். இங்கே பிறந்த பிள்ளை என்றால், பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும், அவன் குடிமகன், ஃபாஃப்ஸா போடலாம்.

இத்தனையும் எழுதியபின் திரும்பிப் பார்த்தால், இது ஒரு நியாயமான ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏழு அலுவலகம், ஏழு விண்ணப்பம், ஒன்றுக்கொன்று பேசாத விதிகள். எந்த மாநிலத்தில் வீடு வாங்கினோம் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கை மாறுகிறது. ஆங்கிலம் சரளமாகப் பேசி, அரை நாள் லீவு போட்டு, விடாமல் துரத்தத் தெரிந்த பெற்றோருக்குக் கிடைப்பது மற்றவருக்குக் கிடைப்பதில்லை. எல்லாப் பிள்ளைகளாலும் கல்லூரிக்குப் போகவும் முடியாது. வீட்டிலேயே இருந்து, அம்மாவின் கை பிடித்து நடக்கும் பிள்ளையும் நிறைவாக வாழலாம். அந்த அம்மாவிடம் போய், "ஏன் காலேஜுக்கு அனுப்பலே?" என்று கேட்பது வேறொரு கொடுமை.

ஆனால் போகக்கூடிய பிள்ளை, பணம் இல்லை என்பதால்கூட அல்ல, யாரும் சொல்லவில்லை என்பதால் வீட்டில் உட்கார்ந்திருக்கிறானே, அதற்கு நாம்தான் காரணம். நாம் இதை வெளியே பேசுவதில்லை. ஊரில் தெரிந்தால் தங்கச்சிக்கு வரன் அமையாது என்று பயந்த காலத்துப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்துவிட்டோம். 2010-இல் இந்த நாடு 'ரோசா சட்டம்' என்று ஒன்று போட்டு, மத்தியச் சட்டங்களில் இருந்த பழைய இழிசொல்லை எடுத்துவிட்டு 'அறிவுசார் குறைபாடு' என்று மாற்றியது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாடும் 'ஊனமுற்றோர்' என்பதை விட்டு 'மாற்றுத்திறனாளி'க்கு வந்தது. சொல்லை மாற்றியாயிற்று. சொல்லாமல் விடுவதை இன்னும் மாற்றவில்லை. மூன்று வயதில் வெய்வர் பட்டியலில் பெயர் கொடுக்கலாம் என்பதைப் பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா சொல்லியிருந்தால், பதினேழு வயதில் அந்தக் குடும்பம் திகைத்து நிற்காது.

தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழா மேடையில் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்கும் வேலடிக்டோரியனுக்கும் கேடயம் கொடுக்கிறோம். கொடுப்போம், தப்பில்லை. அதோடு, இத்தகைய கல்லூரித் திட்டத்தில் சேரும் ஒரு மாணவருக்கு ஓர் உதவித்தொகையும் வைக்க முடியாதா? முழுக் கட்டணம் வேண்டாம். பஸ் பாஸ், லேப்டாப், முதல் மாதப் புத்தகச் செலவு போதும். தமிழ்ப் பள்ளிகளில் ஒரு சனிக்கிழமை, இந்த வழியில் போன பெற்றோர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேச வையுங்கள். இடமும் காபியும் தவிர அதற்குச் செலவு இல்லை.

நம் பங்குக்கு: மாநிலவாரியாக வெய்வர் பட்டியலில் எங்கே, எப்படிப் பெயர் கொடுப்பது என்ற விவரத்தை வரும் இதழ்களில் ஒரு பக்கமாகத் தரப்போகிறோம். இந்தப் பாதையில் நடந்த பெற்றோர் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். எங்கே ஏமாந்தீர்கள், யாரிடம் கேட்டபோது கதவு திறந்தது என்பதை எழுதுங்கள். அது இன்னொரு வீட்டுக்குப் பல ஆயிரம் டாலர் பெறும்.

அந்தப் பையனும் பெற்றோரும் சென்ற வாரம் ஒரு வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அம்மா கேட்க நினைத்த கேள்விகள் ஒரு பக்கம். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "கேன்டீன் எத்தனை மணிக்கு மூடும்?" தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் இருப்பார்கள். இந்த முறை நான் முதலில் அவனிடம்தான் கேட்கப்போகிறேன்.

உங்கள் வீட்டு விருந்திலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், சுண்டலை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். இன்னும் வெய்வர் பட்டியலில் பெயர் கொடுக்காத குடும்பங்கள், இந்த இதழை மூடிவைத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்